ராம் எந்த ஸ்லாட்டில் உட்கார வேண்டும்

"அண்ணாச்சி, எட்டு ஜிபி இருந்ததப் பதினாறு ஆக்கியாச்சு. ஃபோட்டோஷாப் இன்னமும் இழுத்துக்கிட்டுதான் நிக்குது."

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கணினி பழுதுபார்க்கும் எவருக்கும் பழகிப்போன புகார் இது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ராமும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கும். திரையில் பதினாறு ஜிபி என்று ஒழுங்காகக் காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆனால் ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே அந்த போர்டு தரக்கூடிய பாதையில் பாதிதான் திறந்திருக்கும். காசு முழுதாகக் கொடுத்திருக்கிறார், பலன் பாதிதான் வருகிறது, அது அவருக்குத் தெரியவும் தெரியாது. இதைச் சரிசெய்ய ஒரு ரூபாய் செலவில்லை. எந்த ஸ்லாட்டில் மாட்ட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி இழுப்பதற்கு ராம் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான் ஆக வேண்டும். அது முடிந்த பிறகு ராமுக்கு வாருங்கள்.

யாருக்கு எவ்வளவு ராம் வேண்டும்? பட்டாசு ஆலை அலுவலகத்தில் டாலியும் சம்பளப் பட்டியலும் போடும் கணினிக்கு எட்டு ஜிபி தாராளம். தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, ஆலங்குளம் கடைத்தெருவில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கும் கடைக்கும் அதே கணக்குதான். சிவகாசி அச்சகங்களுக்கு லேபிளும் காலண்டரும் வடிவமைத்துக் கொடுப்பவர் கதை வேறு. 20-க்கு 30 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் திறந்தால் அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 9,000 புள்ளி. மொத்தம் ஐந்து கோடியே நாற்பது லட்சம். அச்சுக்கான நான்கு நிறத்துக்கும் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் வைத்தால் ஒரே ஒரு லேயர் 216 எம்பி. முருகன் படம், மயில், பின்னணி, கடைப்பெயர், நிழல் என்று பத்து லேயர் சேர்ந்தால் இரண்டு ஜிபியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் அன்டூ வரலாறு, கோரல்டிரா, பிரவுசர் எல்லாம் இருக்கிறது. இந்த வேலைக்குப் பதினாறு ஜிபியில் தொடங்குங்கள். ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். ராம் கூட்டும் வேலையை வைகாசியிலேயே முடித்துவிட்டால் சீசன் நடுவில் கணினியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

பேஜ்மேக்கருக்காகவும் பழைய தமிழ் எழுத்துருக்களுக்காகவும் 32 பிட் விண்டோஸையே இன்னும் வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டிலும் கடையிலும் ஓடும் 32 பிட் விண்டோஸ் நான்கு ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அதிலும் மூன்றேகால் ஜிபி அளவுதான் கைக்கு வரும். பதினாறு ஜிபி மாட்டினாலும் மீதி சும்மா கிடக்கும். முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள். பேஜ்மேக்கர் பெரும்பாலும் அதிலும் ஓடிவிடும்.

இரண்டு சேனல், நான்கு ஸ்லாட்

ஜோடியாக மாட்டும் பழக்கம் புதிதல்ல. 1990-களின் பென்டியம் கணினிகளில் 72 பின் சிம் ராம்களை இரண்டிரண்டாகத்தான் மாட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் கணினியே எழும்பாது. ஒரு சிம்மின் அகலம் 32 பிட், பென்டியத்தின் பாதை 64 பிட். பிறகு வந்த 168 பின் டிம் ராம் தனியாகவே 64 பிட் என்பதால் ஒன்றே போதும் என்று ஆனது. 2003-இல் இன்டெலின் 865 சிப்செட்டோடு இரட்டைச் சேனல், அதாவது ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே இரண்டு பாதை, வீட்டுக் கணினிகளில் பரவியது. அன்றிலிருந்து பழைய ஜோடிக் கணக்கு திரும்ப வந்துவிட்டது. ஒரே வேறுபாடு, இப்போது ஜோடி தப்பினாலும் கணினி ஓடும். அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை.

ஒரு சேனல் 64 பிட் அகலம். டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி வரை கடத்தும். இரண்டு சேனலும் சேர்ந்தால் 51.2 ஜிபி. டிடிஆர்3-1600 என்றால் 12.8, சேர்ந்தால் 25.6. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் இந்த வேறுபாடு சில வேலைகளில்தான் தெரியும். நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அதே ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. படத்தைப் பெரிதாக்கும்போது, நகர்த்தும்போது அந்தப் பற்றாக்குறை நேராகத் திரையில் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்தான் ஸ்லாட் விஷயத்தில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

இன்றைய நான்கு ஸ்லாட் போர்டுகளில் பிராசஸருக்குப் பக்கத்திலிருந்து எண்ணினால் வழக்கமான வரிசை ஏ1, ஏ2, பி1, பி2. ஏ என்பது ஒரு சேனல், பி என்பது இன்னொன்று. இரண்டு ராம் மாட்டும்போது ஏ2-விலும் பி2-விலும் போடுங்கள். அதாவது பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட், நான்காவது ஸ்லாட். ஒரே ஒரு ராம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் ஏ2. பக்கத்துப் பக்கத்தில் ஏ1, ஏ2 என்று மாட்டினால் இரண்டும் ஒரே சேனலில் நெருக்கிக்கொண்டு நிற்க, பி சேனல் காலியாகக் கிடக்கும்.

ஏ1-உம் பி1-உம் வேறு வேறு சேனல்தானே, அவற்றில் மாட்டினால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி, பதில் தெரிந்துகொண்டால் இந்த விதி மறக்காது. பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து கிளம்பும் தடம் முதலில் ஏ1-ஐத் தொட்டு, அங்கிருந்து நீண்டு ஏ2-வில் முடிகிறது. ஏ1-இல் மட்டும் ராம் இருந்தால், அதைத் தாண்டி ஏ2 வரை போகும் தடம் எதிலும் இணையாமல் திறந்து நிற்கும். கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் சுவரில் மோதித் திரும்புவதுபோல, அந்த முனையில் சிக்னல் மோதித் திரும்பிவந்து அடுத்த சிக்னலோடு கலக்கும். வேகம் குறைவாக இருந்தால் ராம் சமாளித்துக்கொள்ளும். டிடிஆர்4-3200, டிடிஆர்5 வேகங்களில் சமாளிக்க முடியாமல் போய்த் திடீரென்று நீலத்திரை வரும், எக்ஸ்எம்பி (பயாஸில் இயக்கும் முழு வேகம்) பிடிக்காது, சில நேரம் திரையே வராது. தடம் முடியும் இடத்தில் ராமை உட்காரவைத்தால் திரும்பிவர எதுவும் இல்லை.

இந்த விதிக்கு விலக்கு உண்டு; அதனால் போர்டின் கையேட்டைப் பார்க்காமல் கையை வைக்காதீர்கள். சில போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து 4, 2, 3, 1 என்று எண் அச்சிட்டிருக்கும். அங்கே 1-இலும் 2-இலும் மாட்டு என்று கையேடு சொல்வதும் நாம் சொல்லும் இரண்டாவது, நான்காவது இடங்களும் ஒன்றேதான். எண்ணைப் பார்க்காமல் "முதல் இரண்டு ஸ்லாட்" என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடும். டிடிஆர்2, டிடிஆர்3 காலப் பழைய போர்டுகள் சிலவற்றில் விதி வேறு. ஒரே நிற ஸ்லாட்கள் ஒரு ஜோடி, எந்த நிறம் முதலில் என்று கையேட்டில் இருக்கும். அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட டெல், எச்பி கணினிகளைப் புதுப்பித்து விற்பதை நம் பக்கத்தில் நிறையப் பேர் வாங்குகிறார்கள். அவற்றில் தயாரிப்பாளரின் சொந்த போர்டு இருக்கும். டெல் ஆப்டிப்ளெக்ஸ் பலவற்றில் வெள்ளைக் கிளிப் உள்ள ஸ்லாட்களை முதலில் நிரப்ப வேண்டும். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் கையேட்டை இறக்கிக்கொள்ளலாம்.

எச்61 மாதிரி இரண்டே ஸ்லாட் உள்ள போர்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. சேனலுக்கு ஒன்று, இரண்டையும் நிரப்பினால் முடிந்தது. அதில் எட்டும் எட்டும் சேர்த்துப் பதினாறுதான் உச்சம்.

வாங்கும்போது

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் பின் எண்ணிக்கை 288 என்று ஒன்றாக இருந்தாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. பழைய ராமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சிவகாசிக்கோ சாத்தூருக்கோ போவதுதான் நல்லது. ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட் வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

பழைய டிடிஆர்2, டிடிஆர்3 ராம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். அதில் இரண்டு வகை உங்கள் போர்டில் வேலை செய்யாது. ஒன்று, ஏஎம்டிக்கு மட்டும் என்று விற்பது. இன்டெல் போர்டில் அது எழும்பாது. இன்னொன்று, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம். பார்க்க அப்படியே இருக்கும், மாட்டவும் மாட்டும். சாதாரண டெஸ்க்டாப்பில் திரை வராது.

இருப்பதோடு சேர்த்து மாட்டுகிறீர்களா? வேகம் குறைந்த ராமின் வேகத்தில்தான் எல்லாம் ஓடும். பழையது நான்கு ஜிபி, புதியது எட்டு என்றால் இன்டெல் கணினியில் அந்த எட்டில் நான்கு இரட்டைச் சேனலிலும், மிச்ச நான்கு ஒற்றையிலும் ஓடும். இது கெட்ட ஏற்பாடில்லை. ஒரே சேனலில் இரண்டையும் திணிப்பதைவிட நல்லது. கையில் நான்கு, நான்கு, எட்டு என்று மூன்று ராம் இருந்தால் இரண்டு நான்குகளையும் ஒரு சேனலிலும் எட்டைத் தனியாக அடுத்த சேனலிலும் போடுங்கள். இரு பக்கமும் எட்டு எட்டாகச் சமமாகிவிடும். டிடிஆர்5 வாங்குபவர் நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப ஆசைப்பட வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்கு மாட்டினால் 3600. இரண்டு பெரிய ராம் போதும்.

கையை வைக்கும் முன்

பட்டாசு வேலை தெரிந்த ஊருக்கு நிலைமின்சாரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் போகும் முன் வாசலில் எர்த் செய்த தகட்டைத் தொட்டுவிட்டுப் போவதும், நைலான் பாலியஸ்டர் தவிர்த்துப் பருத்தித் துணி உடுத்துவதும் எதற்கென்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே மின்சாரம்தான் ராமையும் கெடுக்கிறது. நம் விரலில் சுருக்கென்று படும் அளவு என்றால் அது சுமார் மூவாயிரம் வோல்ட். சிப் பழுதாக அதில் சிறு பங்கு போதும். நமக்கு உறைக்காமலே ராம் சேதமாகிவிடும். உடனே செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். சேதமான ராம் சில மாதம் ஓடி, பிறகு எப்போதாவது ஒருமுறை நீலத்திரை காட்டித் தொல்லை கொடுக்கும். காற்றில் ஈரமே இல்லாத கோடைப் பகலில் இந்த ஆபத்து அதிகம்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை அப்படியே விட்டால் எர்த் இருக்கும் என்று புத்தகங்களில் படித்திருக்கலாம். நம் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் எர்த் கம்பியே போயிருக்காது. அதை நம்பாதீர்கள். யுபிஎஸ் இருந்தால் அதிலிருந்தும் கழற்றுங்கள். கரன்ட் போனாலும் யுபிஎஸ் உயிரோடுதான் இருக்கும். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சம் இருப்பதும் வடிந்துவிடும். போர்டில் ஏதாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும் வரை காத்திருங்கள். பெயின்ட் இல்லாத கேபினட் உலோகத்தைத் தொடுங்கள். வேலை முடியும் வரை இடையிடையே தொட்டுக்கொண்டே இருங்கள். ராமை ஓரத்தில் பிடியுங்கள், தங்கநிறக் கால்களில் விரல் படக்கூடாது. பாயிலோ கட்டில் விரிப்பிலோ வைத்து வேலை செய்ய வேண்டாம். மர மேசை போதும்.

ஆலை அலுவலகக் கணினிக்கு இன்னொரு கவனம் தேவை. ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு வரும் கையிலும் சட்டையிலும் அலுமினியப் பொடி இருக்கும். அது மின்சாரம் கடத்தும் பொடி. ஸ்லாட்டுக்குள் விழுந்தால் பக்கத்துப் பக்கத்துக் கால்களை இணைத்துவிடும். கையை நன்றாகக் கழுவித் துடைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு உட்காருங்கள். கணினியைப் பிரிப்பதும் ஓட்டிப் பார்ப்பதும் அலுவலகத்துக்குள் மட்டும்தான். மருந்துப் பக்கம் எதற்காகவும் அதைக் கொண்டுபோகக் கூடாது.

கரிசல் தூசி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ராமைக் கழற்றிவிட்டுத் தூசி ஊதுவது பலருக்கும் வழக்கம். அது தலைகீழ் வரிசை. ராம் ஸ்லாட்டில் இருக்கும்போதே வெளியில் வைத்து புளோயரால் சுற்றுப்புறத்தை ஊதிச் சுத்தம் செய்து, பிறகுதான் கழற்ற வேண்டும். இல்லையென்றால் திறந்த ஸ்லாட்டுக்குள் அத்தனை தூசியும் இறங்கிவிடும். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிய ராமின் கால் கறுத்திருந்தால் மென்மையான வெள்ளை ரப்பரால் போர்டுக்கு எட்டத்தில் வைத்து இலேசாகத் தேய்த்து, துகள் இல்லாமல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் கிட்டவே வேண்டாம்.

மாட்டுவது

ஸ்லாட்டின் கிளிப்பைத் திறங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஒரு முனையில்தான் கிளிப் அசையும். கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்து முனை நிலையானது, அதை வளைத்து உடைத்துவிடாதீர்கள். ராமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டு நடுவில் இல்லாமல் சற்றே தள்ளியிருப்பதால் திருப்பி வைத்தால் நேராகாது. நேராகாததை அழுத்தத்தால் ஜெயிக்கப் பார்த்தால் ராமும் போகும், போர்டும் போகும்.

நேராக வைத்து இரண்டு முனையிலும் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்துங்கள். புதுப் போர்டில் எதிர்பார்த்ததைவிட அதிகம் அழுத்த வேண்டியிருக்கும். டக்கென்று கிளிப் தானாக மூடும். மூடிய பிறகு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: தங்கநிறக் கோடு ஒரு முனையில் அதிகமாகவும் இன்னொரு முனையில் குறைவாகவும் தெரிந்தால் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே கரன்ட் கொடுத்தால் கால்கள் கருகலாம்.

முதல் முறை போடும்போது திரை வரத் தாமதமானால் பதறாதீர்கள். டிடிஆர்5 கணினிகள் புது ராமைப் பழக்கிக்கொள்ள முதல் தடவை சில நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பவரை அணைத்து அணைத்துப் போடுவது காரியத்தைக் கெடுக்கும். பொறுத்தும் வரவில்லை, அல்லது பீப் விடாமல் ஒலிக்கிறது என்றால், எல்லாவற்றையும் கழற்றி நல்ல ராம் ஒன்றை மட்டும் ஏ2-வில் மாட்டிப் பாருங்கள். வந்தால் அடுத்த ராமை அதே இடத்தில் சோதியுங்கள். இப்படி ராமையும் ஸ்லாட்டையும் தனித்தனியாகப் பிரித்தால்தான் குற்றவாளி எது என்று தெரியும். ஏ1, ஏ2 இரண்டும் சேர்ந்தே செத்திருந்தால் ஸ்லாட்டைக் குறைசொல்லும் முன் பிராசஸரைப் பாருங்கள். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ, கூலரை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியிருந்தாலோ முழுச் சேனலே போய்விடும். புதுப் போர்டு வாங்கச் சொல்லும் முன் மெக்கானிக் இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் அளவும் வேகமும் தெரியும், சேனல் தெரியாது. அதற்கு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதன் மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் டூயல் என்றோ, டிடிஆர்4-இல் இரண்டு பெருக்கல் 64 பிட் என்றோ காட்டினால் சரி. சிங்கிள் என்றிருந்தால் திரும்ப மூடியைத் திறக்க வேண்டியதுதான். வேகம் 3200-க்கு வாங்கியது 2133, 2400 என்று காட்டினால் பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். உங்கள் பிராசஸரும் போர்டும் அந்த வேகத்தை ஏற்றால்தான் அது பிடிக்கும்.

கடைசியாக மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் ஒரு சிவப்பு வரிகூட இருக்கக் கூடாது. ஒன்றே ஒன்று என்று விட்டுவிட வேண்டாம். மறுநாளே பில்லோடு கடைக்குப் போய் மாற்றுங்கள். ராமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சூடு குறையட்டும் என்று சிலர் உரித்துவிடுகிறார்கள். அதில்தான் வரிசை எண் இருக்கிறது. அது போனால் வாரன்ட்டியும் போய்விடும். பில் மை ஒரு கோடையில் வெளுத்துவிடும் என்பதால் பில்லையும் ஸ்டிக்கரையும் அன்றே ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.